லூசியா கொடுத்த ரைட்

ரைட்டு என்கிற ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இந்த ஊரில் படித்து முடிக்கலாம், கல்யாணம் கட்டலாம், கடை திறக்கலாம், சண்டையை ஆரம்பிக்கலாம், அதே சண்டையை முடிக்கவும் செய்யலாம். ஒரு பஸ்ஸை மட்டும் நகர்த்த முடியாது, நீங்கள் பொம்பளையாக இருந்தால்.

நம்பிக்கை இல்லையென்றால் லூசியாவைக் கேளுங்கள். விழுப்புரத்தில் காலை ஏழு பத்துக்குக் கிளம்பி விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு வழியாகத் திண்டிவனம் போகிற ‘வளர்பிறை’ பஸ்ஸின் கண்டக்டர் அவள். நாற்பத்தோரு வயது. காக்கிச் சட்டைக்கு உள்ளே மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை, சட்டைக்கு மேலே பேட்ஜ். இரண்டையும் காலையில் கிளம்பும்போது ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வாள். சிலுவை பிறந்தபோதே வந்தது. பேட்ஜுக்குத்தான் அலைந்தாள்.

அவள் வாழ்க்கையில் வந்துபோன ரைட்டுகளைச் சொன்னால் பாதிக் கதை முடிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் கணக்கு நோட்டு நிறையச் சிவப்பு மையில் ரைட்டு வாங்கினாள். அதை நம்பி மேலே படிக்க ஆசைப்பட்டாள். “பத்தாவது முடிஞ்சதா, ரைட்டு, போதும்” என்றார் அப்பா. பெண் பார்க்க வந்த இன்னாசிராஜ் காப்பியைக் குடித்துவிட்டு அவன் அம்மா பக்கம் திரும்பி “ரைட்டும்மா” என்றான், அவ்வளவுதான், அடுத்த மாதம் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். இன்னாசிராஜும் கண்டக்டர், இதே வளர்பிறையில். அவன் பின்படியில் நின்று “ரைட்ட்ட்” என்று இழுத்தால் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நிற்கிற லாரிக்காரன்கூட கிளட்சை விட்டுவிடுவான் என்று கேலி பேசுவார்கள். அப்புறம் சர்க்கரை வந்தது. கால் விரலில் ஒரு புண் வந்தது. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் முதலில் சொன்ன வார்த்தையும் “ரைட்டு”தான். “ரைட்டு. கணுக்காலுக்கு மேல எடுத்துடலாம்.”

எடுத்தார்கள். மகள் ஆஷ்லின் அப்போது பத்தாவது. லூசியா முதலுதவிச் சான்றிதழுக்கு ஒரு வகுப்பு, கண் பரிசோதனைக்கு ஒரு நாள், ஆர்டிஓ ஆபீஸுக்கு ஒன்பது நடை என்று நடந்து, கண்டக்டர் லைசென்ஸும் பேட்ஜும் வாங்கி, புருஷன் வேலை பார்த்த கம்பெனி வாசலிலேயே போய் நின்றாள். முதலாளி சுப்பராயலு தலையைச் சொறிந்தார். “பொம்பளையாச்சேம்மா. கூட்டத்துல பூந்து வரணும். ரைட்டு, பாப்போம்” என்றார். அந்த ‘பாப்போம்’ பதினாலு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு அந்த வீட்டில் உலை கொதிப்பது அந்தப் பேட்ஜால்தான்.

டிக்கெட் போடுவது, கூட்டத்தில் நுழைந்து வருவது, குடித்துவிட்டு ஏறுகிறவனை இறக்கிவிடுவது எதுவும் அவளுக்குக் கஷ்டமாக இல்லை. கஷ்டம் எல்லாம் டிரைவர் பெரியதம்பியிடம்.

கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. இன்னாசிராஜைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதே அவர்தான். ஆனால் லூசியா “ரைட்” என்றால் வண்டி எடுக்க மாட்டார். கண்ணாடியில் பார்ப்பார், மீசையைத் தடவுவார், ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போடுவார். முன்படியில் தொங்குகிற எவனாவது ஒருத்தன் “ரைட்டு, போலாம்ணே” என்று குரல் கொடுத்தால் உடனே கியர் விழும். அவளுக்கு அது புரியவே ஒரு வாரம் ஆனது. குரல் போதவில்லையோ என்று நினைத்து, தொண்டை கிழியக் கத்திப் பார்த்தாள். வெந்நீர் குடித்தாள், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள். செவிடனாக இருந்தால் சங்கு ஊதலாம், செவிடாக நடிக்கிறவனிடம் எதை ஊதுவது?

விசில் ஊதினாள். அதுதான் பெரிய கூத்து. அவள் ஒரு விசில் அடித்தால் கடைசி சீட்டில் இருக்கிற காலேஜ் பையன்கள் பதிலுக்குப் பத்து விசில் அடித்தார்கள். இரண்டே நாளில் சுப்பராயலு காதுக்குப் போய்விட்டது. “விசிலு வேணாம்மா. கம்பெனி பேரு கெட்டுப்போவும். வாயாலயே குடு” என்றார். விசில் அடித்த பையன்களை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த நேரத்தில்தான் சீனுவாசன் வந்து சேர்ந்தான். திண்டிவனத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை, தினமும் விக்கிரவாண்டியில் ஏறி முன்படியை விட்டு நகர மாட்டான். ரொம்ப நல்லவன் மாதிரி, “அக்கா, உன் சவுண்டு முன்னாடி வர்ல. நீ டிக்கெட்டப் பாரு, ரைட்ட நான் பாத்துக்கறேன்” என்றான். அவள் வேண்டாம் என்றாள். அவன் கேட்டால்தானே! அவள் சொல்வதற்குள் அவன் சொல்வான், வண்டி போகும். அவள் “ஹோல்டான்” என்று நிறுத்தச் சொன்னாலும், அதை ஒரு ஆம்பளை வாங்கித் திருப்பிச் சொன்னால்தான் பிரேக் விழும். அவள் சொன்னது அஞ்சல் மாதிரி ஆள் மாறி ஆள் மாறிப் போய்ச் சேர்ந்தது.

வீட்டில் வந்து புலம்பினால் இன்னாசிராஜ் கட்டிலில் சாய்ந்தபடி சிரித்தான். “பெரியதம்பி அப்பிடித்தான். பழக்கம். ரைட்டு விடு.”

“நீங்க ரைட்டு விடுன்னு சொல்றதுக்கு உங்களுக்கு வாய் இருக்குது. எனக்கு ரைட்டு சொல்லவே வாய் இல்லைன்றாங்க.”

“வண்டி போவுதுல்ல? யாரு சொன்னா இன்னா?”

ஒரு கண்டக்டர் வாயிலிருந்து வருகிற பேச்சா இது? பதினேழு வருஷம் பின்படியில் நின்றவன். யார் சொன்னால் என்ன என்பதற்குப் பதில் போன மாதம் கூட்டேரிப்பட்டில் வந்தது.

சவுரியம்மாள் என்று ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கும். விக்கிரவாண்டியில் ஏறுவாள், வேகவைத்த வேர்க்கடலையை, இந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டையை, கூடையில் கொண்டுபோய்க் கூட்டேரிப்பட்டில் நிற்கிற பஸ்களில் ஜன்னல் ஜன்னலாக விற்பாள். அன்றைக்கு நல்ல கூட்டம். பின்படியில் சவுரியம்மாள் ஒரு காலைத் தரையில் வைத்து, ஒரு கால் படியில் இருக்க, கூடையை இழுத்துக்கொண்டிருந்தாள். வண்டியின் நடுவில் இருந்த லூசியா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முன்படியிலிருந்து சீனுவாசன், பின்னால் எதுவும் தெரியாமல், தினமும் சொல்கிற சுகத்தில், “ரைட்டேய்” என்றான்.

பெரியதம்பி எடுத்துவிட்டார்.

“ஹோல்டான்! அண்ணே, ஹோல்டான்! ஹோல்டான்!” லூசியா மூன்று தடவை கத்தினாள். வண்டி ஒரு பஸ் நீளம் போயிற்று. பிறகு ஆம்பளைகள் தகரத்தைத் தட்டி “நிறுத்துய்யா” என்று அலறினார்கள். நின்றது. இறங்கி ஓடிப் பார்த்தால் ரோடு பூராவும் மல்லாட்டை, நடுவில் சவுரியம்மாள், வலது மணிக்கட்டு பார்க்கவே முடியாத பக்கம் திரும்பியிருந்தது. லூசியா முதலுதவி வகுப்பில் படித்த மாதிரியே தன் துண்டை எடுத்துக் கையைக் கட்டி, ஆட்டோ பிடித்து ஏற்றினாள். சீனுவாசனைத் தேடினாள். ஆள் அதற்குள் வேறு பஸ்ஸில் ஏறிவிட்டான்.

அன்று சாயங்காலமே கேள்வி கிளம்பிவிட்டது. யார் ரைட் கொடுத்தது? இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது, ரைட் கொடுப்பது கண்டக்டர் வேலை, ஆகவே கண்டக்டர். பதினாலு மாதம் அவள் ரைட்டை மதிக்காத அத்தனை பேரும், ஒரு கை உடைந்ததும், ரைட் அவளுடையதுதான் என்று கைதூக்கினார்கள். எப்படி இருக்கிறது பாருங்கள் நியாயம்!

சுப்பராயலு இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு ஒரு கடிதம் தயார் செய்தார். ‘நடத்துநர் பின்படியைக் கவனிக்காமல் புறப்படச் சொன்னதால்’ என்று அதில் இருந்தது. லூசியா கீழே கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் கடிதத்தின் நகல் ஆர்டிஓ ஆபீஸுக்குப் போகும், பேட்ஜை முடக்குவார்கள், ஆறு மாதமோ ஒரு வருஷமோ. போடாவிட்டால் நாளைக்கே டூட்டி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் யோசிக்கச் சொன்னார், அது அவருடைய தாராளம்.

சாட்சிக்கு அலைந்தாள். சீனுவாசன் அதற்குப் பிறகு கண்ணில் படவே இல்லை. திண்டிவனத்தில் அவன் வேலை பார்க்கிற கடைக்கே போனாள். அவன் ஏதோ ஒரு போனைக் கழற்றிக்கொண்டு தலை நிமிராமல், “நான் சும்மா ஒரு பழக்கத்துல சொன்னேங்க்கா. அதெல்லாம் எழுதிக் குடுக்க முடியுமா? போலீஸு கீலீஸுன்னு பேஜாராயிடும். என் வூட்ல கொன்னுடுவாங்க” என்றான்.

“என் வூட்ல இன்னா, மால போடுவாங்களா?”

“ரைட்டுக்கா, கஸ்டமர் வந்துட்டாங்க.”

ஆஸ்பத்திரியில் சவுரியம்மாளைப் பார்க்கப் போனாள், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு. மாவுக்கட்டுக் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு அந்த அம்மா சொன்னாள்: “எனக்குக் கூடை மேலதான் கண்ணு. எவன் கத்துனான் எவ கத்துனான்னு எனக்கு இன்னா தெரியும்? வண்டி நவுந்தது தெரியும், உழுந்தது தெரியும்.” ஆரஞ்சை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, “நீதான கண்டக்டரு? அப்ப நீதான பாத்துக்கணும்” என்றாள். அதில் பொய் ஒன்றுமில்லை. அதனால்தான் லூசியாவுக்கு வெளியே வந்ததும் அழுகை வந்தது.

இன்னாசிராஜ் மட்டும் இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஆனாலும் அவன் வாயில் வந்தது அதேதான். “கையெழுத்தப் போட்டுடு. ஆறு மாசம்தான. மொதலாளிய பகைச்சிக்கினு இந்த ரூட்டுல நிக்க முடியாது. ரைட்டு விடு லூசியா.”

“இனிமே இந்த வூட்ல அந்த வார்த்தைய எவனாவது சொன்னீங்க…” என்று அவள் கத்தியதில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூட அடங்கிவிட்டது. ஆஷ்லின் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. திண்டிவனத்தில் வண்டிகள் நிற்கிற ஷெட். பூசைக்குப் போக முடியாமல் லூசியா நேராக அங்கே வந்திருந்தாள். டயர் மாற்றுகிற இரண்டு பேர், மெக்கானிக், பெரியதம்பி எல்லோரும் நின்றார்கள். சுப்பராயலு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் கடிதத்தையும் கையில் போனையும் வைத்திருந்தார்.

“வண்டியில கேமரா இருக்குது லூசியா. நீயே பாரு” என்று போனை நீட்டினார்.

பார்த்தாள். படம் இருந்தது, சத்தம் கிடையாது. முன்படி அந்தக் கேமராவில் விழவே இல்லை. வண்டி நடுவில் அவள் பின்பக்கம் திரும்பி நிற்கிறாள், கன்னம் மட்டும் தெரிகிறது. வண்டி குலுங்குகிற நேரத்தில் அவள் தாடை அசைகிறது.

“வாய் அசையுதா இல்லியா?”

“அது ஹோல்டான்னு கத்துறேன் மொதலாளி.”

“எனக்கெப்பிடிம்மா தெரியும்? ரைட்டுன்னாலும் வாய் அசையும், ஹோல்டான்னாலும் வாய் அசையும்.” அவர் பேனாவை எடுத்து நீட்டினார். “சண்ட வேணாம். போட்டுடு.”

லூசியா பேனாவை வாங்கவில்லை. பெரியதம்பி பக்கம் திரும்பினாள். “அண்ணே, அந்தோணியார் மேல சத்தியமா சொல்லுங்க. அன்னிக்கி உங்களுக்குக் கேட்டது என் கொரலா?”

பெரியதம்பி அந்தோணியாரைக் கும்பிடுகிறவர் இல்லை, வக்கிரகாளிக்குத் தீச்சட்டி எடுக்கிறவர். ஆனாலும் கொஞ்சம் நெளிந்தார். “ரைட்டு கேட்டுச்சி, எடுத்தேன். யாரு கொரலுன்னு நான் இன்னா ரெக்கார்டா பண்ணிக்கினு இருக்கேன்?”

“என் ரைட்டுக்குத்தான் எடுத்தீங்களா? அத மட்டும் சொல்லுங்க.”

“அப்பிடித்தான் வெச்சிக்கயேன்.”

டயர் மாற்றுகிறவன் கொல்லென்று சிரித்துவிட்டான். சுப்பராயலுவுக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு டிரைவரைச் சீண்டிப் பார்ப்பதில் எப்போதும் ஒரு ருசி. “இன்னாப்பா பெரியதம்பி, இப்ப லூசியா சொன்னாத்தான் வண்டி எடுக்கறியாமே? சொல்லவேயில்ல?”

மெக்கானிக்கும் சேர்ந்து சிரித்தான். பெரியதம்பியின் முகம் சிவந்துவிட்டது. மீசை துடித்தது.

“யாரு, நானா? இருவத்திரெண்டு வருஷ சர்வீஸு மொதலாளி. இவுங்க வந்து பதினாலு மாசம். இன்னிய தேதி வரைக்கும் ஒரு பொம்பள கொரலுக்கு நான் கீரு போட்டது கெடையாது. அவங்களையே கேளுங்க, ஒரு நாளு எடுத்திருக்கனான்னு! ஆம்பள கொரலு வராம வண்டி நவுந்ததே இல்ல.”

தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஷெட்டில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தான் என்ன சொன்னோம் என்பது பெரியதம்பிக்கு விளங்குவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. வாயைத் திறந்தால் சந்தோஷம் வருமா, வயிற்றெரிச்சல் வருமா என்று லூசியாவுக்கே தெரியவில்லை. அவளைக் காப்பாற்றியது அவள் குரல் இல்லை. அவள் குரலுக்கு ஒரு நாளும் மதிப்பு இருந்ததில்லை என்று நாலு பேருக்கு முன்னால் நிரூபணம் ஆனதால்தான் அவள் தப்பித்தாள். இந்தக் கேவலத்துக்கு நன்றி சொல்ல வேண்டுமா என்ன?

சுப்பராயலு கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “ரைட்டு. கூட்டத்துல எவனோ கொரல் குடுத்துட்டான்னு மாத்தி எழுதிக்கறேன். பெரியதம்பி, இனிமே கண்டக்டர் கொரல் இல்லாம வண்டி நவுந்துது, உன் லைசென்ச நானே புடுங்கி வெச்சிக்குவேன்.” எழுந்து போய்விட்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எவன் வாயிலிருந்தும் வரவில்லை.

திங்கட்கிழமை ஏழு பத்து. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு. லூசியா சிலுவையைத் தொட்டாள், பேட்ஜைத் தொட்டாள். “ரைட்” என்றாள்.

வண்டி நகரவில்லை. பெரியதம்பி கண்ணாடியில் பார்த்தார், மீசையைத் தடவினார். லூசியா அடுத்த தடவை சொல்லவில்லை. கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்து டிக்கெட் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தாள். ஏழு பன்னிரண்டு. பின்னால் நிற்கிற வண்டிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்துவிட்டான். “இன்னாய்யா, ரைட்டு ரைட்டு, ஜல்தி எடு, ஆபீஸுக்குப் போவணும்” என்று ஆம்பளைகள் ஏழெட்டுப் பேர் கத்தினார்கள். அதற்கு எடுத்தால் லைசென்ஸ் போகும். அவள் சொன்னதற்கு எடுத்தால் மீசை போகும். பாவம், மனுஷன் என்னதான் செய்வார்? ஏழு பதினாலுக்குக் கண்ணாடியைப் பார்த்து, “இன்னாம்மா, எடுக்கட்டா?” என்றார்.

“ஒரு தபா சொல்லியாச்சுண்ணே.”

கியர் விழுந்தது. எங்கேயோ நாலு இரும்புச்சட்டியை உருட்டின மாதிரி ஒரு சத்தம், அத்தனை கோபம் அதில்.

விக்கிரவாண்டியில் சீனுவாசன் ஏறினான். படியில் நிற்காமல் உள்ளே போய் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்கவில்லை. கூட்டேரிப்பட்டு வந்தது. லூசியா முதல் ஆளாகப் பின்படியில் இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாள். நாலு பேர் இறங்கினார்கள். கடைசியாகக் கைப்பிள்ளையோடு ஒருத்தி. அவளுடைய இரண்டு காலும் தரையில் பட்டதைப் பார்த்துவிட்டு, கம்பியை விட்டு, நிமிர்ந்து, “ரைட்” என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை, வண்டி பாய்ந்துவிட்டது. கண்டக்டரைக் கீழேயே விட்டுவிட்டு! பதினாலு மாதம் அவள் சொல்லுக்கு அசையாத மனுஷன், இன்றைக்குச் சொல்லிவைத்த மாதிரி, உடனுக்குடன்.

“ஹோல்டான்!”

ஒரே ஒரு தடவைதான் கத்தினாள். இரண்டு முழம்கூடப் போகவில்லை, பிரேக் அடித்து வண்டி அப்படியே நின்றது. உள்ளே நின்றவர்கள் எல்லாம் முன்னால் போய் விழுந்து எழுந்தார்கள். எவனும் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. அவள் வாயிலிருந்து நேராக அவர் காலுக்குப் போயிருந்தது.

லூசியா ஏறினாள். ஏறியவள் பின்னால் நிற்காமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக டிரைவர் சீட்டுக்குப் போனாள்.

“நீதானம்மா ரைட்டு குடுத்த” என்றார் பெரியதம்பி, அவள் கேட்கும் முன்பே.

“அது இல்லண்ணே. ஒரே ஹோல்டானுக்கு நிக்குது பாருங்க. நிக்கத் தெரியுதில்ல இந்த வண்டிக்கு? இந்த பிரேக்க அன்னிக்கே போட்டிருந்தா இன்னாண்ணே?”

அவர் ரோட்டைப் பார்த்தார். முன்னால் நின்றிருந்த சென்னை பஸ்ஸில் யாரோ மல்லாட்டை கேட்டு ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். விற்க ஆள் இல்லை.

லூசியா அங்கேயே, அவர் காதுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, சாதாரணக் குரலில், “ரைட்” என்றாள். வண்டி கிளம்பியது.